வெள்ளவத்தை ஃப்ளாட் விளம்பரம்: மனதுக்கு ஒப்பவில்லை, பார்த்துச் சொல்லுங்கள்

கடற்காற்று:
தெஹிவளையில் வாடகைக்கு இருக்கிறோம். இவருடைய சேமலாப நிதியில் கொஞ்சம், மிச்சத்துக்கு வங்கிக் கடன் என்று வெள்ளவத்தையில் வீடு தேடுகிறோம். இணையத்தில் கண்ட விளம்பரம் இது: "கொழும்பு 6, காலி வீதிக்குக் கடல் பக்கம், 3 அறை, 1,150 சதுர அடி, பார்க்கிங் உண்டு, தெளிவான உறுதி, உரிமையாளர் வெளிநாட்டில், அவசர விற்பனை, காசுக்கு மட்டும்." படங்களில் ஹோலும் குசினியும் பளிச்சென்று இருக்கின்றன. கட்டிடத்தின் முகப்பை மட்டும் காணோம். விலையும் அக்கம்பக்கத்தை விடக் குறைவு. புரோக்கர், "இன்னும் ரெண்டு பார்ட்டி நிக்குது, இந்தக் கிழமைக்குள்ள அட்வான்ஸ் போடுங்கோ" என்கிறார். எதையெல்லாம் கேட்க வேண்டும்?

மழைக்கோட்டு:
முகப்புப் படம் போடாததில் ஆச்சரியமில்லை. கடல் பக்கம் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து சீமெந்து வெடிக்கும். பால்கனிகளின் அடிப்பக்கத்தைக் கீழே நின்று பாருங்கள். சீலிங்கில் ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் மேல் வீட்டுப் பாத்ரூம் ஒழுகுகிறதா என்று கேளுங்கள். இரவிலும் ஒருமுறை போங்கள். கரையோர ரயில் சத்தமும் புரோக்கர் பாஷையில் "கடல் காட்சி"தான்.

பழைய வங்கிக்காரன்:
தங்கச்சி, ஒரு வங்கியின் வீட்டுக்கடன் பகுதியில் தலை நரைக்கும் வரை இருந்தவன் நான். "அவசரம்" கிடக்கட்டும், என் கண்ணில் குத்துவது "காசுக்கு மட்டும்". கடனோடு வருகிறவரை ஏன் வேண்டாம் என்கிறார்? வங்கி வந்தால் கடதாசி கேட்கும். முதலில் கேட்பது கொண்டோமினியம் பிளான், அதாவது கட்டிடத்தின் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வரைபடம். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது காணிப் பதிவகத்தில் பதிவாகியிருந்தால்தான் அந்த வீட்டுக்கென்று தனி உறுதிப் பத்திரம் எழுதலாம். கட்டி முடித்த கட்டிடத்துக்கு சி.ஓ.சி. (அனுமதித்தபடிதான் கட்டியிருக்கிறது என்ற சான்றிதழ்) கிடைக்காமல் அந்தப் பதிவு நடக்காது. வாங்கிய அனுமதிக்கு மேல் ஒரு மாடி ஏற்றியவர்கள் மாட்டுவது இங்கேதான். அப்புறம் காணியில் பிரிக்கப்படாத பங்கொன்றை எழுதிக் கொடுத்துவிட்டு "தெளிவான உறுதி" என்று போடுவார்கள். உறுதி தெளிவுதான், அதில் வீடுதான் இல்லை.

பிளான் கிடைத்தால் பரப்பைப் பாருங்கள். சதுர மீற்றரில் இருக்கும், 10.76ஆல் பெருக்குங்கள். 88 என்று இருந்தால் கிட்டத்தட்ட 947 சதுர அடிதான். மிச்சம் 200 எங்கே என்று கேட்டால் லிஃப்ட் வாசலையும் படிக்கட்டையும் காட்டுவார்கள். பார்க்கிங்கும் உங்கள் வீட்டோடு சேர்ந்த துணை அலகாக இலக்கத்தோடு குறித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முந்தி வருகிறவருக்கே இடம். சோலைவரித் துண்டையும் பராமரிப்புக் காசு பாக்கியில்லை என்ற கடிதத்தையும் வாங்குங்கள். காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவேட்டை உங்கள் நொத்தாரிசு தேடட்டும். அவர்கள் கூட்டிவருகிற நொத்தாரிசு வேண்டாம்.

ஸ்காபரோ மாமா:
அவசர விற்பனை எல்லாம் கள்ளமில்லை. அம்மா போன பிறகு பம்பலப்பிட்டி ஃப்ளாட்டை நானும் அவசரமாகத்தான் விற்றேன். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குக் கனடாவிலிருந்து எவ்வளவு காலம் காசு கட்டுவது? ஆனால் வாங்கியவர் கேட்டவுடன் வீடியோ கோலில் வந்தேன், எனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கத் தம்பிக்குக் கொடுத்த அற்றோணித் தத்துவத்தின் பிரதியையும் அனுப்பினேன். உரிமையாளரோடு கதைக்கவே விடுகிறார்கள் இல்லை என்றால் ஒதுங்கிவிடுங்கள். தத்துவம் பதிவாகியிருக்கிறதா, விற்கும் அதிகாரம் அதில் எழுதியிருக்கிறதா, பிறகு ரத்துச் செய்தார்களா என்று பார்க்க வேண்டும். கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதும் முக்கியம், ஆள் போனால் தத்துவமும் போச்சு.

கடற்காற்று:
நன்றி அண்ணா, நன்றி மாமா. பிளான் கேட்டேன். "இருக்கு மிஸ், மாநகரசபை சீல் அடிச்சது" என்று புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். இதுதானா அது? உரிமையாளரின் நம்பரை மட்டும் தரமாட்டாராம்.

பழைய வங்கிக்காரன்:
அது கட்டுவதற்கு வாங்கிய அனுமதிப் பிளான். கட்டி முடித்தது அதன்படியா என்று அது சொல்லாது. அதில் எத்தனை மாடி என்று பாருங்கள், பிறகு ரோட்டில் நின்று எண்ணுங்கள். கடன் எடுக்கப்போகும் வங்கிக்கே கடதாசிகளை முதலில் காட்டுங்கள், அவர்களின் சட்டத்தரணி பார்த்துச் சொல்வார். அதுவரைக்கும் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.