ஸ்பெக்ட்ரம் அனலைசரில் ஆர்.பி.டபிள்யூ-வைக் குறைத்தால் சிக்னல் தாழ்ந்து நகர்கிறது, ஏன்?

கேள்வி (ஏற்காடு):
வணக்கம். 145 மெகாஹெர்ட்ஸில் 25 வாட் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) செட் வைத்திருக்கிறேன். நான் பேசும்போது 50 கிலோஹெர்ட்ஸ் தள்ளியும் என் குரல் மெலிதாகக் கேட்கிறது என்று கீழே சேலத்தில் இருக்கும் நண்பர் சொல்கிறார். லேடீஸ் சீட்டில் நின்றால் அவர் இருக்கும் பகுதியே தெரியும். நடுவில் மறைப்பு இல்லாததால் சின்னக் கசிவும் அவருக்குப் போய்விடுகிறது. அடுத்தவர் பேச்சைக் கெடுக்கிறோமே என்று மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசர் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று திரையில் காட்டும் கருவி) ஒன்றை இரவல் வாங்கி வந்து, செட்டின் சிக்னலை மொத்தம் 50 டிபி குறைக்கும் அட்டெனுவேட்டர் வழியாகக் கொடுத்தேன். ஸ்பான் (திரை காட்டும் மொத்த அகலம்) 10 மெகாஹெர்ட்ஸ், ஆர்.பி.டபிள்யூ (சிக்னல்களைப் பிரிக்கும் ஃபில்டரின் அகலம்) 100 கிலோஹெர்ட்ஸ். மைனஸ் 6 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு) உயரத்தில் ஒரே ஒரு குன்று. ஆர்.பி.டபிள்யூ-வை 10 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கியும் பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. 1 கிலோஹெர்ட்ஸ் வைத்ததும் உச்சி மைனஸ் 19-க்கு விழுந்து, கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. திரை மூலையில் 'அன்கால்' (அளவு சரியில்லை) என்று வருகிறது. கருவி பழுதா? இரவல் பொருள் என்பதால் பயமாக இருக்கிறது.

பதில் (சேலம், ஐந்து ரோடு):
தம்பி, வி.பி.டபிள்யூ-வை, அதாவது திரைக் கோட்டை வழிக்கும் வீடியோ ஃபில்டரின் அகலத்தை, 10 ஹெர்ட்ஸுக்குக் குறைத்துப் பாருங்கள். கோடு சுத்தமாகிவிடும், ஒளிந்திருப்பது தெரியும்.

பதில் (சேலம், அஸ்தம்பட்டி):
கருவி நன்றாகத்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள். ஸ்வீப் டைம் (கோடு திரையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை ஒருமுறை ஓடும் நேரம்) யாரோ கையால் பூட்டி வைத்ததாக இருக்கும். எவ்வளவு என்று பாருங்கள்.

குறுகிய ஃபில்டர் நிரம்ப நேரம் பிடிக்கும். அது நிரம்புவதற்குள் ஸ்வீப் தாண்டிப் போனால் உச்சி தாழும், தாமதமாக எழுவதால் வலப்பக்கம் தள்ளியும் தெரியும். இந்த மாதிரிப் பழைய கருவிகளில் தேவையான நேரம் ஏறக்குறைய இப்படி: ஸ்பானை ஆர்.பி.டபிள்யூ-வின் வர்க்கத்தால் வகுத்து இரண்டரையால் பெருக்குங்கள். 10 மெகா ஸ்பானுக்கு 1 கிலோஹெர்ட்ஸ் என்றால் 25 விநாடி! ஸ்பானை 200 கிலோஹெர்ட்ஸுக்குச் சுருக்கினால் அரை விநாடி போதும்.

ஐந்து ரோடு அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம். வி.பி.டபிள்யூ இரைச்சலின் நடுக்கத்தைத்தான் வழிக்கும். ஒட்டி நிற்கும் இரண்டு சிக்னல்களைப் பிரிக்காது. பிரிப்பது ஆர்.பி.டபிள்யூ-வின் வேலை. வி.பி.டபிள்யூ-வை ஆர்.பி.டபிள்யூ-வில் பத்தில் ஒரு பங்கு வைத்தாலே போதும், அதற்கும் கீழே போனால் ஸ்வீப் வீணாக இழுக்கும்.

இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். 50 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு 10 கிலோஹெர்ட்ஸ் போதாதா என்று தோன்றும். இரண்டு சிக்னலும் ஒரே உயரம் என்றால் போதும். உங்கள் கசிவு மெயின் சிக்னலுக்கு 60 டிபி கீழே இருக்கலாம். பழைய அனலாக் ஃபில்டர் 60 டிபி கீழே போகும்போது 11 முதல் 15 மடங்கு அகலமாகிவிடும். 10 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டரின் சரிவு ஒவ்வொரு பக்கமும் 55 முதல் 75 கிலோஹெர்ட்ஸ் வரை படுத்துக் கிடக்கும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் லாரி ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் வரும் சைக்கிள் விளக்கு தெரியாதே, அதே கதைதான். 3 கிலோஹெர்ட்ஸில் தலை காட்டும், 1-இல் தெளிவாக நிற்கும்.

மைக்கில் பேசாமல் பி.டி.டி-யை (பேசுவதற்கான பட்டனை) மட்டும் அழுத்திப் பாருங்கள். பேசினால் சிக்னலே 16 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு விரிந்து குழப்பும்.

கேட்டவர்:
அண்ணா, நீங்கள் சொன்னதேதான். ஸ்வீப் 200 மில்லி விநாடியில் பூட்டியிருந்தது. ஆட்டோவில் போட்டு, ஸ்பான் 200, ஆர்.பி.டபிள்யூ 1 கிலோஹெர்ட்ஸ், வி.பி.டபிள்யூ 100 ஹெர்ட்ஸ் வைத்தேன். 'அன்கால்' போய்விட்டது, உச்சி மறுபடி மைனஸ் 6. இருபுறமும் சரியாக 50 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, மைனஸ் 66-இல் ஒவ்வொரு முள்! முதல் தடவை பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது.

பதில் (அஸ்தம்பட்டி):
இருபுறமும் ஒரே தூரம், ஒரே உயரம் என்றால் ஏதோ ஒன்று கேரியரை (மெயின் சிக்னலை) 50 கிலோஹெர்ட்ஸில் ஆட்டுகிறது. செட்டுக்கு எஸ்.எம்.பி.எஸ் (வேகமாக ஸ்விட்ச் ஆகி மின்சாரம் தரும் வகை) சப்ளையா? அதைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் கார் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அனலைசரில் எதையும் மாற்றாதீர்கள். முள் மறைந்தால் அது அனலைசரின் மாயை இல்லை என்பதும் சேர்ந்தே உறுதியாகிவிடும்.

கேட்டவர்:
பேட்டரியில் இரண்டு முள்ளும் காணோம். எஸ்.எம்.பி.எஸ்-ஐத் திரும்ப மாட்டினால் திரும்ப வருகிறது. மூன்று முறை மாற்றிப் பார்த்துவிட்டேன். சேலம் நண்பரும் பேட்டரியில் பேசியபோது பக்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

பதில் (ஐந்து ரோடு):
நல்லது தம்பி, நானும் இன்று கற்றுக்கொண்டேன். என்னிடம் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய லீனியர் சப்ளை ஒன்று சும்மா கிடக்கிறது. 25 வாட்டுக்குத் தாராளமாகத் தாங்கும். மலையிலிருந்து இறங்கும்போது வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.