3 மாதத் தொட்டியில் மாண்டரின் மீன் விடலாமா?

கொள்ளுப்பிட்டிக் குமிழி:
150 லீட்டர் உப்புநீர்த் தொட்டி, ஓடத் தொடங்கி 3 மாதம். கோமாளி மீன் சோடி மட்டும் இருக்கிறது. மாண்டரின் ஒன்று விட ஆசை. உறைந்த ஆர்ட்டீமியா (தீனிக்கு விற்கும் குட்டி உப்புநீர் இறால்) போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

உப்புத்தண்ணி:
வேண்டாம் தம்பி. மாண்டரினுக்கு வாய் சின்னது, பகல் முழுக்கப் பாறையைக் கொத்திக்கொண்டே திரியும். அது தேடுவது பாறையில் புள்ளி புள்ளியாய் ஓடும் கோப்பிபாட் என்ற இறாலின நுண்ணுயிர். இந்த வயதுத் தொட்டியில் இருப்பதைச் சீக்கிரமே துடைத்துவிடும். அப்புறம் பட்டினிதான். உடனே சாகாது என்பதால் ஆட்களுக்குத் தெரிவதில்லை. நிறம் அப்படியே இருக்கும், வயிறு மட்டும் உள்ளே ஒட்டும்.

பவளப்பூச்சி:
இது பழைய பயமுறுத்தல் அண்ணா. என்னுடையது உறைந்த மைசிஸ் இறால் சாப்பிடுகிறது. தொட்டிக்குள்ளேயே வலைப்பெட்டியில் தனியாக வைத்து, முதலில் உயிருள்ள ஆர்ட்டீமியாக் குஞ்சு கொடுத்தேன். பிறகு அதோடு உறைந்ததைக் கலந்தேன். மற்ற மீன்கள் தட்டிப் பறிக்காவிட்டால் அது பழகும். பண்ணையில் பொரித்தது கிடைத்தால் இன்னும் சுலபம்.

உப்புத்தண்ணி:
பண்ணை மீன் என்று கடைக்காரர் சொன்னால் போதுமா? காட்டு மாண்டரின் மேற்குப் பசிபிக்கில் பிடிபடுவது, நம் கடலில் இல்லை. பையில் பயணம் செய்து மெலிந்துதான் வந்து இறங்கும். ஆர்ட்டீமியாக் குஞ்சும் பொரித்த சில மணி நேரத்தில் தன் கருச்சத்தைத் தானே தின்றுவிடும். சத்து ஊட்டாமல் அதையே போட்டுக்கொண்டிருந்தால் மீன் மென்றுகொண்டே மெலியும். பாசி வளர்க்கும் தனி அறை இணைத்து, கோப்பிபாட் பெருகிய பிறகு பேசுவோம்.

வெள்ளவத்தை வாசி:
இரண்டு பேரும் தீனியிலேயே நிற்கிறீர்கள். கொழும்பில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டி வெயில் காலத்தில் 30 பாகையைத் தொடும். சூடு ஏற ஏற மீனுக்கு ஒட்சிசனும் தீனியும் கூடுதலாகத் தேவை, தண்ணீரிலோ ஒட்சிசன் குறையும். அதற்குள் உறைந்த தீனியை அள்ளிப் போட்டால் கழிவில் சேரும் நைத்திரேற்று எகிறும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு இருக்கிறதா? 2022 மின்வெட்டை மறந்துவிட்டோமா?

கொள்ளுப்பிட்டிக் குமிழி:
அப்படியென்றால் உள்ளூர் வண்ணத்துப்பூச்சி மீன்? விலையும் குறைவு.

உப்புத்தண்ணி:
எந்த இனம் என்று பாருங்கள். உடம்பில் ஊதாக் கோடு ஓடும் மெலன் வகை, பவளத்தின் உயிருள்ள சதையான பொலிப்பைத் தவிர எதையும் தொடாது. இங்கே உயிர்ப்பவளம் எடுப்பதே சட்டவிரோதம், எதைப் போட்டு வளர்ப்பீர்கள்? முதுகுத் துடுப்பில் நூல் நீண்ட ஒரிகா வகை என்றால் சந்தை மட்டியை வாய் பிளந்து போட்டுப் பழக்கலாம். அதற்கும் இந்தத் தொட்டி சின்னது.

பவளப்பூச்சி:
அண்ணா எதற்கும் இல்லை என்பார். குமிழி, மாண்டரின்தான் வேண்டுமென்றால் கடைக்காரரை உங்கள் கண் முன்னே தீனி போடச் சொல்லுங்கள். வாயில் எடுத்துத் துப்பினால் காசைக் கொடுக்காதீர்கள்.

உப்புத்தண்ணி:
விழுங்கினாலும் முன்பக்கமாக நின்று வயிற்றையும் பாருங்கள். குழி விழுந்திருந்தால் அதுவும் வேண்டாம்.