நவம்பர்ல வியட்நாம், கம்மி பட்ஜெட் - போயிட்டு வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்
மக்களே, நானும் ஃப்ரெண்டும் வியட்நாம் போறோம், டூர் பேக்கேஜ் எல்லாம் இல்ல, முதுகுல ஒரு பை அவ்ளோதான். ஈ-விசா 25 டாலர், அது ஓகே. ஹனோய்ல இறங்கி ஹா ஜியாங் மலைப்பக்கம் சுத்திட்டு அப்படியே தெற்கால ஹுவே, ஹோய் ஆன் பாத்துட்டு ஹோ சி மின் சிட்டில முடிக்கலாம்னு ப்ளான், ஆனா நவம்பர்ல நடு வியட்நாம்ல மழை பிச்சு எடுக்குமாம், ஹோய் ஆன் பழைய டவுனுக்குள்ளயே ஆத்துத் தண்ணி வந்துடுதாம், அப்போ அதை விட்டுட்டு வடக்குலயே கூட நாள் தங்கலாமா?

ஹா ஜியாங்ல நாங்க பைக் ஓட்டப் போறதில்ல, அந்த வளைவு ரோட்டுல உள்ளூர் ஆள் ஓட்ட பின்னாடி உக்காந்து போறதுதான், தெம்பு அவ்ளோதான் 😅 அதுக்கு ஹனோய்லயே புக் பண்ணணுமா, அங்க போய் பேசுனா குறையுமா?

ஹனோய் டூ ஹுவே நைட் ட்ரெயினா ஸ்லீப்பர் பஸ்ஸா? பஸ் சீப்தான், ஆனா நான் ஆறடி, அந்த பெர்த்ல கால் நீட்ட முடியுமான்னு உயரமானவங்க யாராச்சும் சொல்லுங்க.

ஃப்ரெண்டு சுத்த சைவம் வேற. எதுல பாத்தாலும் மீன் சாஸ். புத்த சைவக் கடைங்க சின்ன ஊர்லயும் இருக்குமா, இல்ல புளியோதரை மிக்ஸ் கட்டிக்கணுமா?