அம்மாவுக்கு நெஞ்செரிச்சலோடு குமட்டல்: வெறும் கேஸ்தானா?

கேள்வி:
அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரை ஒன்பது வருடமாக இருக்கிறது, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். மூன்று வாரமாக ராத்திரி படுத்தாலே நெஞ்சு எரிகிறது. விடியற்காலையில் புளித்த தண்ணீர் தொண்டைவரை ஏறி வருகிறது, கூடவே குமட்டல். நேற்று மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால், மடியில் சொம்பை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜெலுசில் குடித்தால் அரை மணி நேரம் தாங்குகிறது. காரம், புளி எல்லாம் நிறுத்தியாயிற்று. எல்லோரும் கேஸ் என்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

பதில் 1:
தம்பி, முதலில் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. என் அப்பாவும் சர்க்கரைக்காரர். நெஞ்சு கரிக்கிறது, குமட்டுகிறது என்று சோடா வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்து பார்த்தால் சட்டை முதுகில் ஒட்டும் அளவுக்கு வியர்வை. அது மாரடைப்பு. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வலி இல்லாமலே அது வரலாம். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, இதில் எது இருந்தாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பதில் 2:
மருந்துக்கடையில் இருபது வருடமாக நிற்கிறேன். அம்மா வேறு என்ன மாத்திரை போடுகிறார்? மூட்டு வலிக்கு ஏதாவது?

கேட்டவர்:
இப்போதுதான் அவரிடம் கேட்டேன். முழங்கால் வலிக்கு ஒரு மாதமாக மாத்திரை போடுகிறாராம். தலையணைக்கு அடியில் காகித உறையில் பெயர் தெரியாமல் வெட்டிய அட்டைத் துண்டுகள். காலையில் வெறும் காபியோடு போட்டிருக்கிறார்.

பதில் 2:
பெரும்பாலும் அங்கேதான் சிக்கல். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் மாதிரியான வலி மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சுரப்பையும் சேர்த்துக் குறைத்துவிடும். புண் வரலாம். ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான், ஏனென்றால் மருந்து ரத்தத்தின் வழியாகவும் வேலை செய்கிறது. அந்தத் துண்டுகளை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ, வாந்தி காபித்தூள் நிறத்தில் வந்தாலோ உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பதில் 3:
சர்க்கரைக்கும் இதில் பங்கு இருக்கலாம். மெட்ஃபார்மினே சிலருக்குக் குமட்டும், அதனால்தான் சாப்பாட்டோடு போடச் சொல்கிறார்கள். நாள்பட்ட சர்க்கரையில் சிலருக்கு இரைப்பை மெதுவாகக் காலியாகும். ராத்திரிச் சாப்பாடு அங்கேயே தங்கி, படுத்ததும் மேலே ஏறும். எனக்கு அதுதான். எட்டு மணிக்குள் இரண்டு இட்லியோடு முடித்துவிட்டு பதினொன்றுக்குப் படுக்கிறேன், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை. தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் மோசமாகிறது. இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லுங்கள். அப்புறம், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறதா என்றும் கேளுங்கள். பித்தப்பைக் கல்லிலும் குமட்டல் உண்டு.

கேட்டவர்:
ஈசிஜி சரியாக இருக்கிறது, மூச்சே வந்தது. டாக்டர் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு, அமிலம் சுரப்பதைக் குறைக்கும் பான்டோபிரசோல் எழுதியிருக்கிறார். இதுவரை சாப்பிட்ட பிறகு போட்டுவிட்டோம், சரியா? வியாழக்கிழமை எண்டோஸ்கோபி, வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது. இரைப்பையில் புண் உண்டாக்கும் எச். பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் பார்ப்பார்களாம்.

பதில் 2:
காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுங்கள், அப்போதுதான் முழுப் பலன். ஆனால் அந்தக் கிருமிப் பரிசோதனைக்கு முன் இந்த மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்; சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். எண்டோஸ்கோபிக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியிருக்கும். அன்று காலைச் சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது என்றும் இன்றே போன் போட்டுக் கேளுங்கள்.