தமிழ் எழுத்தைச் சாய்க்கலாமா: 14 டிகிரி சண்டை

நெடுங்கணக்கு:
"மேற்கோளையும் புத்தகப் பெயரையும் தமிழிலும் சாய்த்துப் போடுங்கள், அழகாகத்தான் இருக்கிறது" என்று ஒரு வெப் டிசைனர் நேற்று அறிவுரை வழங்கியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எழுத்துருவில் சாய்வு வடிவம் இல்லையென்றால் பிரவுசர் நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துவிடும். இணையப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ். விதிப்படி வழக்கமான சாய்வு 14 டிகிரி. கேட்டமரான் என்ற தமிழ் எழுத்துருவில் 9 தடிமன் உண்டு, சாய்வு ஒன்றுகூட இல்லை. வடிவமைத்தவர் தெரியாமலா விட்டார்?

பிக்சல்பாண்டி:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவில் சாய்வு இருக்கிறதே, அதைச் செய்தவர்களுக்கும் ஒன்றும் தெரியாதா?

நெடுங்கணக்கு:
இருந்துவிட்டால் நல்லதாகிவிடுமா? ர-வைப் பாருங்கள். கீழே இருக்கிற அந்தச் சின்ன இழுப்புதான் அதைத் துணைக்காலிலிருந்து பிரிக்கிறது. 14 பிக்சல் அளவு எழுத்தைச் சாய்த்து 'பாரம்' என்று போட்டு மொபைலில் படியுங்கள். இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

பிக்சல்பாண்டி:
ரி, ர் இரண்டிலும் அந்த இழுப்பை விட்டுவிட்டுத்தானே பல எழுத்துருக்களில் போடுகிறார்கள்? அதைப் படித்து யார் தடுமாறினார்கள்?

நெடுங்கணக்கு:
அங்கே மேலே புள்ளியும் கொக்கியும் காட்டிக்கொடுத்துவிடும். வெறும் ர-வுக்கு என்ன இருக்கிறது? அந்த இழுப்பு மட்டும்தான். பேச்சை மாற்ற வேண்டாம்.

அச்சுக்கூடம்:
பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் காலத்தில் கல்யாணப் பத்திரிகை முழுக்கச் சாய்த்தே அடித்துக் கொடுத்திருக்கிறோம். ர தெரியவில்லை என்று ஒரு முகூர்த்தமும் நின்றதில்லை தம்பி.

வெண்தாள்:
முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம்? 1501-இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் அச்சிட்டது கையெழுத்தைப் பார்த்துத் தனியாக வெட்டிய இத்தாலிக் என்ற சாய்வெழுத்து. பிரவுசர் செய்வது வெறும் சாய்ப்பு. இரண்டும் வேறு வேறு. அதை முடிவு செய்துவிட்டுச் சண்டை போடலாமே?

நெடுங்கணக்கு:
அச்சுக்கூடம் ஐயா, பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை எல்லாரும் முன்னாலேயே தெரிந்து வைத்திருப்பார்கள். எப்படி அடித்தாலும் படிப்பார்கள். இணையத்தில் அப்படியா? ர தெரியாது, அவ்வளவுதான்.

பிக்சல்பாண்டி:
உங்கள் தளத்தில் பத்திகளை இரண்டு ஓரமும் சமமாக இழுத்து வைத்திருக்கிறீர்களே, சொற்களுக்கு நடுவே டவுன் பஸ் போகும். தமிழில் சொற்கள் நீளம், ஒரு மொபைல் வரிக்கு மூன்று நான்குதான் அடங்கும். அதைச் சரிசெய்துவிட்டு ர-வைக் காப்பாற்ற வாருங்கள்.

நெடுங்கணக்கு:
அது வாடிக்கையாளர் கேட்டது. இதோ வந்துவிட்டது பழைய பகை! டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையா, யுனிகோடா என்ற விவாதத்தில் என்னைப் 'பழைய பஞ்சாங்கம்' என்றவர்தானே நீங்கள்? யுனிகோடு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? யுனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கிறது, இரண்டு குறி சேர்ந்த கொ மாதிரி உயிர்மெய்க்கு 6 பைட் என்றேன். கணக்கு தப்பா? அப்போதும் பதில் இல்லை, இப்போதும் இல்லை.

அச்சுக்கூடம்:
பைட் கணக்கு எதற்கு இங்கே? இப்போதெல்லாம் ஏஐ-யிடம் போஸ்டர் கேட்டால் தமிழே இல்லாத புதுத் தமிழ் எழுதிக் கொடுக்கிறது. அதை அப்படியே பிளெக்ஸ் அடித்துத் தெருவில் கட்டுகிறார்கள். அதைக் கேட்க ஆளில்லை.

பிக்சல்பாண்டி:
ஏஐ தப்பாக எழுதினாலும் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. அது ஒரு நிம்மதி.

நெடுங்கணக்கு:
நக்கல் நன்றாக வருகிறது, ர-வுக்குப் பதில்தான் வரவில்லை. நான் செய்யும் தளங்களில் பிரவுசர் தானாகச் சாய்ப்பதைக் கட்டுப்படுத்தும் ஃபான்ட்-சிந்தஸிஸ் அமைப்பை 'நன்' (வேண்டாம்) என்று வைத்துவிடுவேன், பிரவுசர் வாலாட்டாது. அழுத்தம் வேண்டுமா, தடித்த எழுத்து இருக்கிறது, நிறம் இருக்கிறது, மேற்கோள் குறி இருக்கிறது.

வெண்தாள்:
நான் கேட்டதை யாராவது படித்தீர்களா?

பிக்சல்பாண்டி:
தடித்த எழுத்தா? லதா எழுத்துருவின் தடித்த வடிவத்தைச் சின்ன அளவில் போட்டுப் பாருங்கள், ண-வின் சுழி எல்லாம் அடைத்துக்கொண்டு மை கொட்டியது போல இருக்கும். அதைவிடச் சாய்வு மேல்.

நெடுங்கணக்கு:
2000-இல் விண்டோஸோடு வந்த லதாவை இன்னும் பிடித்துத் தொங்குகிறவர் எனக்குப் புதுத் தொழில்நுட்பம் சொல்லித் தருகிறார். விண்டோஸ் 8-லேயே நிர்மலா எழுத்துரு வந்துவிட்டது ஐயா!

அச்சுக்கூடம்:
லதாவைக் குறை சொல்லாதே. என் மகன் இன்றைக்கும் அதில்தான் பில் அடிக்கிறான்.

நெடுங்கணக்கு:
அப்படியானால் 'பாரம்' என்று ஒரு பில்லைச் சாய்த்து அடித்துப் படம் போடச் சொல்லுங்கள், பார்ப்போம்.

பிக்சல்பாண்டி:
போடுவார், நீங்கள் உடனே காகிதம் சரியில்லை என்பீர்கள்.