ஸ்ட்ரோக்: கோடா, கீற்றா?

> சீன எழுத்தின் ஸ்ட்ரோக்குக்குத் தமிழில் ‘கோடு’ போதுமே. எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

வணக்கம் ஐயா,

நானும் போன மாதம்வரை கோடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சீன வகுப்பில் ‘வாய்’ என்ற எழுத்து வந்தபோது மாட்டிக்கொண்டேன். பார்த்தால் வெறும் சதுரம். நாலு பக்கம், நாலு கோடு என்று பேனாவை நாலு தடவை எடுத்து எடுத்து வைத்தேன். ஆசிரியை சிரித்துக்கொண்டே மூன்று விரலைக் காட்டினார். முதலில் இடப்பக்கம், மேலிருந்து கீழே. அடுத்து மேற்பக்கம்: வலப்பக்கம் போய், மூலையில் பேனாவைத் தூக்காமல் அப்படியே மடங்கிக் கீழே இறங்க வேண்டும். அது மொத்தமும் ஒன்று. கடைசியில் அடியை மூட வேண்டும். கண்ணுக்கு நாலு கோடு, கைக்கு மூன்று.

நமக்கு வேண்டிய சொல் இந்தக் கைக்கணக்கைச் சொல்ல வேண்டும். பேனா தாளைத் தொட்டதிலிருந்து எடுக்கும்வரை நடப்பதை. கோடு என்பது நடந்து முடிந்தபின் தாளில் தெரிவது.

இந்தக் கணக்கு பிசகினால் அகராதியும் பார்க்க முடியாது. 1716இல் வந்த காங்சி என்ற சீன அகராதி 47,000க்கும் மேற்பட்ட எழுத்துகளை 214 தலைப்புறுப்புகளின் கீழ் பிரிக்கிறது (பல எழுத்துகளுக்குப் பொதுவாக வரும் பகுதி, ஆங்கிலத்தில் ராடிகல்; அதற்கு என்ன சொல் என்பது தனிச்சண்டை, பிறகு வைத்துக்கொள்வோம்). ஒவ்வொரு உறுப்பின் கீழும், அந்த உறுப்பு போக மிச்சமுள்ள ஸ்ட்ரோக் எத்தனை என்ற எண்ணிக்கைப்படிதான் எழுத்துகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒன்று கூட்டி எண்ணினால் வேறு பக்கத்தில் துழாவிக்கொண்டிருப்போம்.

அப்படியே ‘ஸ்ட்ரோக்’ என்று எழுதலாம் என்றும் ஒருவர் சொன்னார். வீட்டில் தொலைபேசியில் “ஸ்ட்ரோக் தப்பாகிவிட்டது” என்றேன், அம்மா பதறிப்போய் “யாருக்குடா?” என்று கேட்டார்.

‘இழுப்பு’ பேச்சுக்கு நெருக்கமானது, ஆனால் பீடியும் ஆஸ்துமாவும் கூடவே வருகின்றன. ‘வீச்சு’ இயற்பியல்காரர்களிடம் அலைவீச்சாகப் போய்விட்டது. ‘தீற்றல்’ தூரிகைக்கு அழகு. பென்சிலால் கட்டம்போட்ட நோட்டில் எழுதுகிற பிள்ளைக்குப் பொருந்தவில்லை.

என் ஓட்டு ‘கீற்று’க்கு. கீறுதல் என்ற கைவேலை அதற்குள்ளேயே இருக்கிறது. ஈழத்தில் இன்றும் படம் கீறுவார்கள். நிலாக்கீற்று, தென்னங்கீற்று என்னும்போது முனை மெலிகிற நீளமான வடிவமும் மனதில் வந்துவிடுகிறது. இடப்பக்கம் சாய்ந்து இறங்கும் ‘பியே’ என்ற ஸ்ட்ரோக் அச்சாக அப்படித்தான் முடியும். புள்ளியையும் சேர்த்துக்கொள்ளலாம்: சீனத்தில் புள்ளி நம் மெய்ப்புள்ளி மாதிரி வட்டமாக வைப்பதல்ல, அழுத்திச் சற்றே இழுப்பது.

ஸ்ட்ரோக் ஆர்டருக்குக் ‘கீற்றொழுங்கு’ என்று முதலில் நினைத்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒழுங்கு என்றால் மற்றதெல்லாம் ஒழுங்கீனம் ஆகிவிடும். ‘அரசன்’ எழுத்தைப் பாருங்கள்: மூன்று கிடைக்கீற்று, நடுவே ஒரு குத்துக்கீற்று. சீனாவில் இரண்டு கிடை போட்டபின் குத்து, பிறகு அடிக்கிடை. ஜப்பானில் முதல் கிடை முடிந்ததுமே குத்து. இரண்டும் அங்கங்கே பள்ளியில் கற்றுத்தரும் முறைதான். அதனால் ‘கீற்றுவரிசை’. எண்ணிக்கைக்குக் ‘கீற்றுத்தொகை’.

வகைப்பெயர்களுக்குத் தமிழ் வாத்தியார்களின் சொற்களே கை கொடுக்கின்றன. கொம்பு, கால், விலங்கு என்று எழுத்தின் உறுப்புகளுக்குப் பெயர் வைத்துப் பழகியவர்கள் நாம். (சுழிக்குத்தான் அங்கே வேலை இல்லை.) கிடை, குத்து, மடிப்பு, கொக்கி எல்லாம் சிக்கலில்லாமல் அமைந்துவிட்டன. ‘மனிதன்’ எழுத்தின் இரண்டாவது கீற்று, சீனத்தில் ‘நா’ என்பார்கள், அதற்கு மட்டும் சரியாக வரவில்லை. வலப்பக்கம் சாய்ந்து இறங்கும்போது அழுத்தம் கூடிக்கொண்டே போய், பாதம் மாதிரி அகன்று, பிறகு கூராக முடியும். ‘வலச்சாய்வு’ என்று குறித்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.

---

> ‘வலச்சாய்வு’ என்று குறித்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.

தம்பி, ‘விரிகீற்று’ என்று வையுங்கள். இறங்க இறங்க விரிகிறதுதானே? இடப்பக்கம் போவதை ‘மெலிகீற்று’ என்றால் இரண்டும் ஜோடியாகவும் இருக்கும்.

வாய் எழுத்தை மின்கட்டண ரசீதின் பின்பக்கம் பத்துத் தடவை எழுதிப் பார்த்தேன். மூன்றுதான். சரி, கோட்டை விட்டேன்.