பாட்டியின் முள்வாங்கி

குழு: நம்ம வீடு

சரசு பெரியம்மா: கவிதா, நேரம் இருக்கிறதா? பேரன் காலையில் எழுந்ததும் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. பீளை கட்டி இரண்டு இமையும் ஒட்டிக்கொண்டன. தெருவில் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான்.

கவிதா: கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்துத் துடைத்துவிடுங்கள் பெரியம்மா. துடைத்த பஞ்சை உடனே போட்டுவிடுங்கள். வெளிச்சத்தில் கண் கூசுகிறதா? வலிக்கிறதா?

சரசு பெரியம்மா: இல்லை, மணல் விழுந்தது போல உறுத்துகிறதாம்.

முருகன் சித்தப்பா: மெட்ராஸ் ஐ தான் அண்ணி. கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும். கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுங்கள்.

கவிதா: பார்த்தால் ஒட்டாது சித்தப்பா. கசக்கிய கைதான் பரப்பும். அந்தக் கை தொட்ட கதவு, தலையணை, பக்கத்துப் பிள்ளையின் பென்சில் எல்லாம் வழிதான். பெரும்பாலும் அடினோ வைரஸ். கண் சிவப்பு அடங்க 2 வாரம்கூட ஆகும், அதுவரை மற்றவருக்கும் தொற்றும். சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் பெரிய மருந்து.

சரசு பெரியம்மா: எனக்குப் போன வருடம் கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சம் இருக்கிறது. விடட்டுமா?

கவிதா: வேண்டவே வேண்டாம் பெரியம்மா! அதில் ஸ்டீராய்டு இருந்தால், சில தொற்றுகளில் கருவிழியே புண்ணாகிவிடும். தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தேவி அண்ணி: அத்தை, பிள்ளைகள் முகம் துடைக்கத் தனித்தனித் துண்டா?

சரசு பெரியம்மா: கொடியில் ஒரே துண்டுதான் தேவி. அதில்தான் இவனுக்கும் துடைத்தேன், அக்காக்காரிக்கும் துடைத்தேன்.

தேவி அண்ணி: அவளுக்கும் வந்துவிடப் போகிறது. இன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

பிரபு: கவிதா, ஒரு சந்தேகம். பாட்டி வாசலில் உட்கார்ந்து முள்வாங்கியால் இமைமுடியைப் பிடுங்குவாரே, அதுவும் கண்நோயா?

கவிதா: இன்னமும் பிடுங்குகிறாரா?

சரசு பெரியம்மா: வாரத்துக்கு ஒரு தடவை. முடி உள்ளே குத்துகிறது என்பார். பிடுங்கிய இரண்டு நாள் நிம்மதி, அப்புறம் குட்டையாக முளைத்து முன்னைவிட மோசமாகக் குத்துமாம். கண்ணீர் வடிந்தபடியே இருக்கும்.

கவிதா: நேரில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் டிரக்கோமா மாதிரி இருக்கிறது. அது மெட்ராஸ் ஐ இல்லை, கிளமிடியா என்ற பாக்டீரியா. ஒருமுறை வந்து போனால் பார்வை போகாது. சிறுவயதில் திரும்பத் திரும்ப வந்தால் மேல் இமையின் உட்புறம் தழும்பாகிவிடும். வயதான பிறகு இமை உள்ளே மடங்கும், சிமிட்டும்போதெல்லாம் முடி கருவிழியைச் சுரண்டும். அப்படிப் போன பார்வை திரும்பாது.

முருகன் சித்தப்பா: அம்மாவுக்கு எப்படி வந்திருக்கும்?

கவிதா: இதே வழிதான் சித்தப்பா. கை, துணி, அதோடு ஈ. பிள்ளைகள் கண்ணில் மொய்க்கும் ஈ, திறந்தவெளியில் கிடக்கும் மலத்தில் பெருகுவது. பிள்ளைகளைத் தூக்கி வளர்ப்பவர்கள் பெண்கள் என்பதால் அவர்களுக்கே அதிகம் தொற்றுகிறது. டிரக்கோமாவால் பார்வை போவது ஆண்களைவிடப் பெண்களுக்கு 4 மடங்கு வரை அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பிரபு: ஒழிக்கவே முடியாதா?

கவிதா: முடியும். நோய் மிகுந்த ஊரில், கண் நன்றாக இருப்பவர்கள் உட்பட எல்லோருக்கும் அந்தப் பாக்டீரியாவுக்கான அசித்ரோமைசின் மாத்திரை கொடுப்பார்கள். கூடவே முகம் கழுவத் தண்ணீர், கழிப்பறை. மாத்திரை மட்டும் போதாது, தண்ணீர் இல்லையென்றால் மறுபடி வந்துவிடும். மொராக்கோ 2016, கானாவும் நேபாளமும் 2018, இந்தியா 2024. இவையெல்லாம் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அதை நீக்கிய நாடுகள். ஆனால் பாட்டி காலத்துத் தழும்பு தானாக மறையாதே.

தேவி அண்ணி: பாட்டிக்கு இனி என்ன செய்வது?

கவிதா: இமையைத் திருப்பி வைக்கும் சின்ன அறுவைச் சிகிச்சை. மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வார்கள். கருவிழி கெடுவதற்குள் செய்ய வேண்டும், பெரியம்மா.

சரசு பெரியம்மா: இப்போதுதான் அத்தையிடம் கேட்டேன். "இத்தனை வருடம் பிடுங்கிவிட்டேன், இனி என்ன" என்கிறார்.

முருகன் சித்தப்பா: அம்மாவிடம் நான் பேசுகிறேன் அண்ணி. ஞாயிறு வந்து நானே கூட்டிப்போகிறேன்.

கவிதா: நல்லது சித்தப்பா. பேரனை அதுவரை வைத்திருக்க வேண்டாம் பெரியம்மா, நாளைக்கே காட்டுங்கள். கண் வலித்தாலோ பார்வை மங்கினாலோ இன்றைக்கே போய்விடுங்கள்.

சரசு பெரியம்மா: சரி கவிதா. பழைய வேட்டியைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு போட்டாயிற்று. பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டு வருகிறேன்.